எந்தத் தெரு என்று கேட்கும் மருத்துவம்: மனச்சோர்வும் சாதியும்

(தூத்துக்குடியில் நடந்த இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மனச்சோர்வைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் பண்பாட்டுப் புரிதல்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மருத்துவக் கல்வியில் சில பத்தாண்டுகளாகப் புழங்கும் கருத்து இது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் மொழி, நம்பிக்கை, வாழ்க்கைமுறை ஆகியவற்றை அறிந்து மருத்துவர் சிகிச்சை தர வேண்டும் என்பது இதன் பொருள். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் ‘பண்பாடு’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ஒரு கேள்வி கேட்டுப் பழகியவர்கள்: யாருடைய பண்பாடு? இன்றைக்கும் அதையே கேட்கப் போகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மக்களின் மொழி தெரிந்திருக்க வேண்டும். அது முதல் படி. நம் ஊரில் அந்தப் படியோடு நின்றால் போதாது. சாதியை விட்டுவிட்டுப் பண்பாட்டை மட்டும் பார்க்கும் மருத்துவம், ஒருவரைக் காயப்படுத்திய அதே பண்பாட்டிடம் அவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

மனச்சோர்வு என்பது ஒருநாள் வருத்தம் கிடையாது. இரண்டு வாரத்துக்கும் மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும் மனம் இருண்டு கிடக்கும் அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போகும். கூடவே தூக்கமும் பசியும் கவனமும் கெடும். தான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றும், சிலருக்குச் சாவைப் பற்றிய எண்ணம் வரும். இது நோய். இதற்குச் சிகிச்சை உண்டு, குணமாகும். 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள் என்றது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். மருத்துவரிடம் வந்த பிறகும் நோய் அடையாளம் காணப்படாமல் போவது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சடவும் வெப்ராளமும்

முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று எந்த உப்பள ஊரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதைக் கடந்த ஓர் அளத் தொழிலாளி அக்கா. தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு அவரைத் தெரியும். விடியும் முன்பே அளத்தில் நிற்க வேண்டும். வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து கண் கூசும். காலில் ஆறாத புண். ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் தண்ணீரைக் குறைத்தே குடிப்பார். மழை மாதங்களில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அளத்தோடு வீட்டுச் சாமான்களும் போயின.

இந்த அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். “தலை கனக்கு, உறக்கம் வரமாட்டேங்கு, சடவாவே இருக்கு, ஒரு சோலியும் ஓடல, நெஞ்சுக்குள்ள வெப்ராளமா வருது” என்பார். வரிசையில் அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். வலி மாத்திரை, சத்து மாத்திரை, கேட்டால் ஓர் ஊசி. அடுத்த மாதமும் வருவார். நான்காவது முறை வரும்போது, “அந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வருது” என்று பெயர் வாங்கியிருப்பார்.

அவர் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். தூக்கமின்மை, களைப்பு, வேலையில் மனம் ஓடாமை ஆகிய மூன்றும் மனச்சோர்வின் அறிகுறிகளாக மருத்துவப் புத்தகத்திலேயே இருப்பவை. ‘வெப்ராளம்’ என்ற நெல்லைச் சீமைச் சொல்லில் பதற்றமும் புழுக்கமும் ஆற்றாமையும் சேர்ந்தே இருக்கின்றன. நோயாளி தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில்தான் சொல் குழப்பம். ‘மனச்சோர்வு’ பாடப்புத்தகச் சொல். செய்தித்தாள்களோ அன்றாட நெருக்கடிக்கும் இந்த நோய்க்கும் சேர்த்து ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகின்றன. அதனால் தேர்வுக்குப் படிக்கும் பதற்றமும், படுக்கையை விட்டு எழ முடியாத நோயும் ஒரே பெயரில் அலைகின்றன.

அந்த அக்காவிடம் கேள்வித்தாளை நீட்டினால் என்ன ஆகும்? உலகம் முழுக்கப் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளின் முதல் கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா என்பது. உப்பு வாருவதில் அவருக்கு எப்போது மகிழ்ச்சி இருந்தது, இப்போது குறைவதற்கு? கேள்வியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை அவருடைய வாழ்க்கைக்குள் கொண்டுவந்து கேட்க வேண்டும். “பேரப்பிள்ள வந்தா தூக்கிக் கொஞ்சத் தோணுதா? இந்த வருசம் கொடைக்குப் போனியளா? மாதா கோயில் திருவிழாவுக்கு? முன்ன மாதிரி பக்கத்து வீட்டுல உக்காந்து பேசுதியளா?” இப்படிக் கேட்டால் அந்த முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1980இல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயரிடப்பட்டிருந்த 100 நோயாளிகளைப் பார்த்தார். அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. அவர்கள் சொன்னதோ தலைவலி, தூக்கமின்மை, தலைச்சுற்றல். கலாச்சாரப் புரட்சிக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். மனத்தைப் பற்றிப் பேசினால் அது அரசியல் பேச்சாகிவிடும், உடம்பைப் பற்றிப் பேசினால் ஆபத்து குறைவு.

“ஏழைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் மனதைப் பற்றிப் பேசத் தெரியாது, அதனால் உடம்பைச் சொல்கிறார்கள்” என்று ஒரு பழைய எண்ணம் மருத்துவத்தில் உண்டு. 1996இல் வெளியான நிம்ஹான்ஸ் ஆய்வு ஒன்று இதைக் கவிழ்த்துப் போட்டது. ரகுராமும் வைஸும் மற்றவர்களும் பெங்களூருவில் 80 நோயாளிகளிடம் விரிவாகப் பேசினார்கள். மனத்துயரத்தைச் சொல்பவர்களிடம் அவமான உணர்வு கூடியும், உடல்வலியைச் சொல்பவர்களிடம் குறைந்தும் இருந்ததைக் கண்டார்கள். உடம்புவலி எல்லாருக்கும் வருவது, வெளியே சொன்னால் யாரும் பழிக்க மாட்டார்கள். மனத்துயரத்தைச் சொன்னால் கல்யாணம் தடைபடும், ஊர் பேசும். ஆக, மக்கள் அறியாமையால் உடம்பைச் சொல்லவில்லை, எது சொல்லத்தக்கது என்று கணக்குப் போட்டே சொல்கிறார்கள். ஏற்கெனவே ஊரின் இழிவைச் சுமக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாராகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். உடம்பைச் சொல்கிறார் என்றால் உடம்பில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே களைப்பைத் தரும். ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும், மனதையும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று நினைப்பது ஏழை நோயாளிகளிடம் மட்டும் காட்டப்படும் சிக்கனம்.

பட்டியல் போடும் ஆபத்து

அப்படியானால் எல்லா மருத்துவர்களுக்கும் ஒரு பயிற்சி கொடுத்துவிடலாமா? “மீனவர்கள் இப்படி, அளத் தொழிலாளர்கள் இப்படி, தலித்துகள் இப்படி” என்று ஒரு கையேடு? பண்பாட்டுப் புரிதல் என்ற பெயரில் பல நாடுகளில் நடந்தது இதுதான். 2006இல் கிளைன்மனே இன்னொருவரோடு சேர்ந்து இதைக் கண்டித்து எழுதினார். பண்பாட்டை ஒரு பட்டியலாகச் சுருக்கினால் நோயாளியின் முகம் மறைந்து அவருடைய இனம் மட்டும் தெரியும் என்பது அவருடைய கவலை. “மீனவர் என்றால் குடிப்பார்” என்ற முன்முடிவோடு உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு, ஏன் குடிக்கிறார் என்று கேட்கத் தோன்றாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளி வட்டிக்கு வாங்கியது எவ்வளவு, உறக்கமில்லாமல் எத்தனை நாள் ஆகிறது என்ற கேள்விகளும் வராது.

ஒடுக்கப்பட்டோரின் இயல்பு என்று மருத்துவம் எழுதி வைத்தவற்றுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று எழுதி அதற்கு ‘ட்ராப்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். விடுதலைக்கான ஆசையே நோயாகிப் போனது.

பிரான்ஸ் ஃபனானை நீங்கள் விடுதலைப் போராளியாக அறிவீர்கள். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் மருத்துவராகச் சேர்ந்தவர் அவர். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் கூட்டம், விழா, திரைப்படம், பத்திரிகை என்று தொடங்கினார், நல்ல பலன் கிடைத்தது. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் பிரிவில் அதே முறை தோற்றது. தோல்விக்கு நோயாளிகளைக் குற்றம் சொல்லாமல், தான் கொண்டுவந்த முறை பிரெஞ்சு வாழ்க்கைக்கானது என்பதை அவர் கண்டார். காபிக் கடை, முஸ்லிம் பண்டிகைகள், கதைசொல்லி ஆகியவை மருத்துவமனைக்குள் வந்தன. பண்பாட்டுப் புரிதலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் 1956இல் அவர் பதவி விலகினார். ஒரு மக்களை நாடே அந்நியராக்கி வைத்திருக்கும்போது, மருத்துவமனைக்குள் மட்டும் அவர்களைக் குணமாக்கிவிட முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். காபிக் கடையும் வேண்டும், காலனியமும் ஒழிய வேண்டும். நம் நாட்டில் காலனியம் இருந்த இடத்தில் சாதியை வைத்துப் பாருங்கள்.

“எந்தத் தெரு?”

2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம்-5, பண்பாட்டை அறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் முறையைத் தந்தது. உங்கள் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், உங்கள் பின்னணியில் எது முக்கியம் என்றெல்லாம் கேட்கும். நல்ல கேள்விகள்தான். அவற்றை இந்தக் கரையில் ஒருவர் எப்படிக் கேட்பார்?

இங்கே பேச்சு “எந்த ஊரு?” என்று தொடங்கும். அடுத்து “எந்தத் தெரு?”, “ஐயா பேரு என்ன?”, “எந்தக் கோயில் கும்பிடுதிய?” இவை அன்பான விசாரிப்பு என்று கேட்பவர் நினைக்கலாம். பதில் சொல்பவருக்கு இவை எல்லாமே ஒரே கேள்விதான். தேவாலய வாசலோடும் இது முடிவதில்லை. 1530களில் முத்துக்குளிப்புக் கரையின் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவிய காலம் முதல் இந்தக் கரையில் கிறித்தவம் இருக்கிறது. சாதியும் கூடவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த பங்குகள் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறித்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். ஆனால் ‘எந்தத் தெரு’ என்ற கேள்வி அவரையும் விடாது.

தெருவைச் சொன்ன நிமிடத்தில் மருத்துவரின் முகம் மாறுகிறதா என்று நோயாளி பார்ப்பார். மாறவில்லை என்றாலும், அறையில் ஊர்க்காரச் செவிலியர் நிற்கிறாரா, கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகு தலைவலியைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டார். வேலை கொடுக்கும் கங்காணியின் உறவினர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது, அவர் தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று எப்படிச் சொல்வார்?

சாதியைக் கேட்பது வேறு, சாதி செய்ததைக் கேட்பது வேறு. மருத்துவருக்கு முதலாவது தேவையில்லை, இரண்டாவது தேவை. கதவைச் சாத்திவிட்டு, “வேலை பாக்கிற இடத்துல, பள்ளிக்கூடத்துல, தெருவுல யாராவது ஒங்கள மரியாதைக் குறைவா நடத்துதாங்களா? அதை நெனச்சு உறக்கம் போகுதா?” என்று கேட்டால் போதும். சொல்ல விரும்புகிறவர் சொல்வார். சொல்லாதவருக்கும், இந்த இடத்தில் இதைச் சொல்லலாம் என்ற தகவல் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த மாவட்டத்துக்கு என்று ஒரு வரலாறும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் தலித் மக்களின் வீடுகளைக் காவல்துறை சூறையாடியது. 2018 மே 22 அன்று தொடங்கிய ஸ்டெர்லைட் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஜீப் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது என்று இந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னால், அதைக் காரணமற்ற பயம் என்று எழுதும் மருத்துவருக்கு இந்த ஊரைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

எது திரிபு, எது உண்மை

மனச்சோர்வுக்கு மாத்திரையைப் போலவே பேச்சுச் சிகிச்சையும் நன்றாக வேலை செய்கிறது. அதில் ஒரு முறை, நோயாளியின் மனதில் ஓடும் திரிந்த எண்ணங்களைக் கண்டுபிடித்துச் சோதிப்பது. “எல்லாரும் என்னைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னால், ஆலோசகர், “எல்லாருமா? அவர்கள் மனதில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்பார். பலருக்கு இது உதவும்.

கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு தலித் மாணவர் இதைச் சொன்னால்? அவரிடம் ஆதாரம் இருக்கும். உதவித்தொகை வரிசையில் நின்றபோது கேட்ட சிரிப்பு, கட் ஆஃப் மதிப்பெண்ணைக் கேட்டு அடிக்கப்படும் நக்கல், ஆய்வு வழிகாட்டி தள்ளிப்போடும் கையெழுத்து. ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரியில் இழந்தோம். மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த ஆதிவாசிப் பெண் பாயல் தட்வியை 2019 மேயில் இழந்தோம். அவர்கள் பட்ட இழிவு கற்பனை என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம். சாதியை அறியாத ஆலோசகர், “நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள்” என்று சொல்லிவிடுவார். வந்தவருக்கு இருந்த கடைசிக் கதவும் அதோடு மூடிவிடும்.

இங்கே இரண்டு வாக்கியங்களைப் பிரிக்க வேண்டும். “அவர்கள் என்னைத் தாழ்வாக நடத்துகிறார்கள்” என்பது நடந்த விஷயம். “ஆகவே நான் தாழ்ந்தவன்” என்பது அந்த நடத்தை உள்ளே ஊற்றிய நஞ்சு. முதலாவதை ஆலோசகர் நம்ப வேண்டும், தேவைப்பட்டால் புகார் கொடுக்கத் துணை நிற்க வேண்டும். இரண்டாவதை நோயாளியோடு சேர்ந்து உடைக்க வேண்டும். படிநிலைச் சமத்துவமின்மையைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுக்க எழுதியதில் இந்த இரண்டாவது வேலையும் அடங்கியிருக்கிறது. தாழ்வு பிறப்பில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்று ஒருவருக்குப் புரியும்போது நெஞ்சில் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். இயக்கத்தில் சேர்ந்த பிறகு நிமிர்ந்து நடந்தேன் என்று நம் மூத்தவர்கள் சொல்வதும் இதைத்தான்.

பண்பாட்டின் பெயரால் நடக்கும் இன்னொரு தவறு, “நம்ம கலாச்சாரத்தில் குடும்பம் முக்கியம், அனுசரித்துப் போம்மா” என்ற ஆலோசனை. சாதி மாறிக் காதலிக்கும் பெண்ணுக்கு “புத்தி பேதலித்துவிட்டது” என்று சொல்லி, வீட்டில் பூட்டி வைத்து, மந்திரவாதியிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போகும் குடும்பங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இதைத் தெளிவாக மறுக்கிறது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாததை வைத்து யாருக்கும் மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. சாதி மறுப்புத் திருமணம் செய்யும் தோழர்களும், அவர்களுக்குத் துணை நிற்பவர்களும் இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலியும் ஜெபமும்

பகுத்தறிவு பேசும் நமக்குச் சங்கடமான ஒரு பகுதி உண்டு. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் மனநலம் பாதித்தவர்களை அழைத்து வந்து தங்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. தர்கா, தேவாலயம், சுடலைமாடன் கோயில் என்று மதம் மாறினாலும் போகிற காரணம் ஒன்றுதான்: அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார், வந்தவரைப் பைத்தியம் என்று விரட்டுவதில்லை, கட்டணம் குறைவு.

சங்கிலியைப் பண்பாடு என்று சொல்லிக் காப்பாற்ற முடியாது. அதே சட்டத்தின் 95ஆவது பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அதற்காக அங்கே போகிறவர்களைக் கேலி செய்வதால் ஒருவர்கூட மருத்துவமனைக்கு வரப்போவதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்கும்படி மனநல மருத்துவர்களை அரசு உட்கார வைத்தது சரியான திசை. தொழுகையை விடு என்று சொல்லாமல் மாத்திரையைக் கையில் கொடுக்கலாம். சங்கிலியையும் கழற்றலாம்.

நாம் கேட்பது என்ன

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட பேச்சுச் சிகிச்சை தந்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு அது பலன் தந்ததைக் காட்டியது. ஜிம்பாப்வேயில் மனச்சோர்வைக் குறிக்க ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது, என்ற மக்களின் சொல்லையே மருத்துவம் எடுத்துக்கொண்டது. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் ஹராரேயில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்து மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். ‘நட்பு பெஞ்ச்’ என்ற அந்த முறை நோயின் அறிகுறிகளைக் குறைத்ததை 2016இல் வந்த ஆய்வு உறுதி செய்தது.

நம் ஊரிலும் பெஞ்ச் போடலாம். ஆனால் எந்தத் தெருவில் போடுவது? ஆதிக்க சாதித் தெருமுனையில் போட்ட பெஞ்சில் நம் அளத்து அக்கா உட்கார முடியாது. யார் உட்கார்ந்து கேட்பது என்பதும் கேள்வி. ஆகவே நம் கோரிக்கைகள் சாதியைக் கணக்கில் எடுத்தே அமைய வேண்டும்.

ஒன்று. மாவட்ட மனநலத் திட்டத்தில் அளத் தொழிலாளர், மீனவர், தலித் குடியிருப்புகளிலிருந்து ஆலோசகர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காமல், சம்பளம் தர வேண்டும்.

இரண்டு. மருத்துவம், செவிலியம், உளவியல் படிப்புகளில் சாதி எப்படி நோயாகிறது என்பது பாடமாக இருக்க வேண்டும்.

மூன்று. நோயாளியின் தொழிலைக் கேட்டு மருந்து எழுத வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வல்லத்தில் ஏறும் மீனவருக்கும், சங்கு குளிக்க முங்குபவருக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரை உயிராபத்து. வியர்வையைக் குறைக்கும் மாத்திரை, நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு ஆபத்து. மாற்று மருந்து உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பதை அவர் மொழியில் சொல்ல வேண்டும். சொல்லாமல் அனுப்பிவிட்டு “இவங்க ஒழுங்கா மருந்து சாப்பிட மாட்டாங்க” என்று பின்னால் பழி போடக் கூடாது.

நான்கு. ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். மாலை நேரப் பிரிவு வேண்டும்.

ஐந்து. மனநலச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, சிகிச்சையில் சாதி, மதம், பண்பாடு, பாலினம், வர்க்கம் எதன் அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. சாதி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. இதை மருத்துவமனைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்வோம்.

தோழர்களுக்கு

கடைசியாக நம் வட்டாரத்துக்குள் ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வு நடுத்தர வர்க்க நோய், போராட்டக் களத்துக்கு வந்தால் சரியாகிவிடும் என்று பேசும் பழக்கம் நம்மிடமும் உண்டு. களம் பலருக்கு நிமிர்வைத் தந்திருக்கிறது, உண்மை. ஆனால் படுக்கையிலிருந்து எழ முடியாத தோழருக்கு “போராடு தோழர்” என்று சொல்வது, காலொடிந்தவரை ஊர்வலத்துக்கு அழைப்பது போன்றது. சமூகக் காரணத்தால் வந்த நோய்க்கு மாத்திரை எதற்கு என்றும் கேட்கிறார்கள். அளத்து உப்பு அரித்த புண்ணுக்கு மருந்து போடாமல், அளத்தின் நிலைமை மாறும் வரை காத்திருக்கச் சொல்வீர்களா? புண்ணுக்கு மருந்தும் போடுவோம், கால்செருப்பும் கூலியும் கேட்டுச் சண்டையும் போடுவோம்.

உங்கள் நண்பர் ஒருவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டால், தூக்கம் போய்விட்டது என்றால், தான் யாருக்கும் பாரம் என்று பேசினால், நேரில் போய்ப் பாருங்கள். அறிவுரை வேண்டாம். “என்ன செய்யுது?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். சாவதைப் பற்றி யோசிக்கிறாயா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104இலும் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தார் என்றே 115ஆவது பிரிவு கொள்கிறது. போலீஸ் வழக்குக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஆலோசகர் உங்கள் நண்பரின் சாதி அனுபவத்தை நம்பவில்லை என்றால், ஆலோசகரை மாற்றுங்கள், சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். உங்களில் சிலர் உளவியலும் செவிலியமும் மருத்துவமும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் சில ஆண்டுகளில் நாற்காலியின் இந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். “சடவா இருக்கு” என்று ஒரு அக்கா வந்து உட்காரும்போது, எந்தத் தெரு என்று கேட்காமல், என்ன நடந்தது என்று கேளுங்கள்.